பெட்டூனியாப் பிசுக்கு

காலை ஏழு மணிக்கு ட்வீசரும் கையுமாகப் பால்கனிக்கு வந்த தணிகாசலம், முதல் தொட்டியைப் பார்த்ததுமே "சீ" என்றார். ராத்திரி தூறியிருக்கிறது. தை மாசத்தில் ஓசூருக்கு மழை எதற்கு, யார் கேட்டார்கள்? நேற்று சாயங்காலம் வரை பூ என்று சொல்லிக்கொள்ள மிச்சமிருந்த நாலைந்தும் நனைந்து, பழுப்பேறி, இலைமேல் அப்பிக் கிடந்தன, யாரோ மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டுப் போன மாதிரி. பெட்டூனியாவாம். பெயரில் இருக்கிற ஒய்யாரமெல்லாம் பூத்த முதல் நாளோடு சரி. மூன்றாம் நாள் இந்த லட்சணம்தான். ட்வீசர் நுனியால் ஒன்றைக் கவ்வி இழுத்தார். பாதி வந்தது, பாதி இலையோடு ஒட்டிக்கொண்டது. இந்தச் செடிக்குத் தண்டு, இலை, மொட்டு எல்லாவற்றிலும் பொடிப்பொடியாக மயிர். மயிர் நுனியெல்லாம் ஒரு பிசுக்கு. ஒருமுறை தெரியாத்தனமாக முழங்கை உரசிவிட்டது. அன்றைக்கு முழுக்க அந்த இடத்தில் சட்டை ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. நாலு தரம் சோப்புப் போட்டும் போகவில்லை, அல்லது போன பிறகும் போகாத மாதிரியே இருந்தது. கொசு வந்து உட்கார்ந்தால்கூட மாட்டிக்கொண்டு செத்துப்போகிறது. செத்த கொசுவைச் சுமந்துகொண்டு நிற்கிற ஒன்றைப் பூச்செடி என்று வீட்டில் வைத்து யாராவது வளர்ப்பார்களா? வளர்த்தாள் ஒருத்தி, இருபது வருஷமாக. அவள் இன்றைக்குப் பதினொரு மணிக்கு வீட்டுக்கு வருகிறாள்.

பதினொரு மணி. காலையில் மகள் யமுனா போனில் சொன்னாள்: "எட்டரைக்கெல்லாம் டிஸ்சார்ஜ் ஆயிடும்ப்பா. ட்ராஃபிக் இல்லன்னா பதினொண்ணுக்குள்ள வந்துருவோம். சாயங்காலமே நான் கெளம்பணும், பையனுக்குப் பரீட்சை. அம்மாவ நீங்கதான் பாத்துக்கணும். நாளைக்குக் காலைல பை மாத்தணும், ஞாபகம் இருக்குல்ல?" ஞாபகம் இருக்கிறது. பன்னிரண்டு நாளாக அது ஒன்றுதான் ஞாபகத்தில் இருக்கிறது. பெங்களூர் ஆஸ்பத்திரியில் அவர் மனைவி இந்திராணியின் குடலில் கெட்டுப்போன பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சக் குடலின் வாயைத் தொப்புளுக்கு இடப்பக்கம் வெளியே கொண்டுவந்து தைத்துவிட்டார்கள். இனி போக வேண்டியதெல்லாம் அந்த வழியாகத்தான். அதன்மேல் ஒரு பை ஒட்டியிருக்கும். நிறைந்தால் கொட்ட வேண்டும். மூன்று நாளைக்கு ஒருமுறை பிரித்து, துடைத்து, புதிது ஒட்ட வேண்டும். குனிந்து பார்த்தால் தையல் இழுக்கிறது, ஆகவே அவளால் இப்போதைக்குத் தனியாகச் செய்துகொள்ள முடியாது. ஆள் கிடைக்குமா என்று விசாரித்ததில், வருகிறேன் என்ற ஒரே ஒரு பெண்ணும் அடுத்த மாசம்தான் என்றாள். ஆகவே கணவன். ஆகவே தணிகாசலம், வயது அறுபத்து நாலு, பேரிங் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் தரச் சோதனைப் பிரிவு. ஆகவே என்று எத்தனை முறை சொன்னாலும் அடுத்த வார்த்தை வரமாட்டேன் என்கிறது. அந்த இடத்துக்கு வந்ததும் மனம் சண்டி மாடு மாதிரி படுத்துவிடுகிறது. மகள், அப்பாவால் முடியும் என்று வைத்துக்கொண்டு பேசுகிறாள். இந்திராணி, முடியாது என்று வைத்துக்கொண்டு பேசுகிறாள். இரண்டு பேருமே அவரைக் கேட்கவில்லை.

இரண்டாவது தொட்டி. இந்த ட்வீசர் கம்பெனி ட்வீசர். ரிட்டயரான அன்று மேஜை டிராயரிலிருந்து சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தது. பேரிங்கின் குண்டை வெறும் விரலால் தொடக் கூடாது. தொட்ட இடத்தில் இரண்டு நாளில் வியர்வை துருவாகிவிடும், விரல் ரேகை அச்சுக் குத்தினது போல மேலே தெரியும். வேலைக்குப் புதிதாகச் சேர்கிறவர்களிடம் முதல் நாளே அப்படித் துருப்பிடித்த ஒன்றை எடுத்துக் காட்டுவார். "பாத்துக்க, மனுஷன் கை எவ்ளோ அசிங்கம்னு." அவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார், அவர் அதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. முப்பத்தொரு வருஷம் எதையும் கையால் தொடாமலே சம்பாதித்தார். வீட்டுக்கு வந்தால் அங்கேயும் தொடவேண்டி வரவில்லை, அதற்கு இந்திராணி இருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட அன்று, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "தண்ணி காலைல மட்டும் ஊத்துங்க. வேர்ல ஊத்துங்க, பூ மேல ஊத்திராதீங்க. வாடினத அப்பப்பக் கிள்ளிருங்க. கிள்ளக் கிள்ளத்தான் அது பூக்கும்." அவ்வளவுதான். டாக்டர் சொன்ன வியாதியின் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. சரி என்றார். செய்தும் வந்தார். பெங்களூருக்குப் போகிற நாளோ போகாத நாளோ, காலையில் பதினான்கு தொட்டியும் பார்த்துவிடுவார். வாடிய பூவின் புனல் போன்ற இதழை ட்வீசரால் கவ்வி லேசாக இழுத்தால் போதும், சொத்தென்று கழன்று வந்துவிடும். கை படவே வேண்டாம். கழன்றதை ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு மூடி வைத்துவிடுவார். ரிஜெக்ட். எவ்வளவு சுத்தமான வேலை! இதற்கா இத்தனை வருஷம் விரல் நகமெல்லாம் கருத்துப்போக உட்கார்ந்திருந்தாள் என்று முதல் வாரம் ஒரு பெருமைகூட அவருக்கு இருந்தது.

இரண்டாவது வாரம் பெருமையின் காற்றுப் போனது. பூ குறைந்தது. ஏன் என்று தெரியவில்லை. உரம் போட்டார், ஸ்பூனால்தான். வெயில் படுகிற பக்கம் தொட்டிகளைத் திருப்பி வைத்தார், துணியால் பிடித்துத்தான். தண்டு மட்டும் நீண்டுகொண்டே போனது. அடியில் இலை மஞ்சளாகி, நடுவில் மொட்டையாகி, கம்பிக்கு வெளியே நாக்கைத் தொங்கப் போட்டது. இன்றைக்கு அவள் வருகிறாளே, கண்ணுக்கு ஒன்றுகூட இல்லையே என்று மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. அவர் பூவை உருவிய ஒவ்வொரு இடத்திலும் பச்சைக் கிண்ணம் ஒன்று அப்படியே இருந்தது. கிண்ணத்துக்குள் கூராக, பருத்து, சுண்டைக்காயில் பாதி அளவுக்கு ஒரு காய். ஒன்று இரண்டல்ல, தண்டு நெடுகக் காய். ட்வீசரால் ஒன்றை நசுக்கினார்; பழுப்புத் தூள் கொட்டியது. விதை. தூசி மாதிரி நூற்றுக்கணக்கில் விதை. அட முட்டாளே. பூ போனால் செடிக்கு என்ன, காய் நிற்கிறதே. காய் பிடித்துவிட்டால் அதற்கு வந்த வேலை முடிந்தது, அப்புறம் எதற்குப் பூக்கப்போகிறது. அவள் உருவுங்கள் என்று சொல்லவில்லை, கிள்ளுங்கள் என்றாள். கிண்ணத்துக்குக் கீழே, காம்போடு, நகத்தால். பிசுக்கு முழுக்க இருக்கிற இடத்தில். பிசுக்கில்லாத பாகத்தை மட்டும் தினமும் காலையில் வெகு சிரத்தையாக எடுத்துவிட்டு, எடுக்க வேண்டியதை விட்டுவிட்டு வந்திருக்கிறார். பன்னிரண்டு நாள். முப்பத்தொரு வருஷம் சோதனைப் பிரிவில் குப்பை கொட்டியவருக்கு இது கண்ணில் படவில்லை, ஏனென்றால் கிட்டப் போய்ப் பார்க்கவே இல்லை, கிட்டப் போனால் அந்த வாடை.

வாடை. நசுக்கிய இடத்திலிருந்து தக்காளிச் செடியும் புகையிலையும் கலந்த மாதிரி ஒன்று வந்தது. வாடை என்றால் உடனே அந்த ஆஸ்பத்திரி அறைதான். வேண்டாம் என்றால் கேட்கிறதா. போன திங்கட்கிழமை, எஸ்தர் என்கிற அந்த நர்ஸ், கோலார் தங்கவயல் பெண், திரையை இழுத்துவிட்டு, "சார், நீங்களும் வந்து பாத்துக்குங்க, வீட்டுல நீங்கதான செய்யணும்" என்று கூப்பிட்டாள். கிட்டப் போனார். "பயப்படாதீங்க சார். சிவப்பா ரோஜா மொட்டு மாதிரித்தான் இருக்கும்." பூவாம். எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தான் இந்த உவமையை? மனைவியின் வயிற்றில் குடல் தெரிகிறது, அதைப் பூ என்கிறாள் சிரித்த முகத்தோடு. அதற்குப் பிறகு ஈர மொட்டு எதைப் பார்த்தாலும் அவருக்குக் குமட்டுகிறது, பெட்டூனியாவையும் சேர்த்துக் கெடுத்துவிட்டாள். செய்ய வேண்டியதை எல்லாம் முதலிலேயே வாயால் சொல்லிவிட்டு, எஸ்தர் பழைய பையைப் பிரித்தாள். தோல் கொஞ்சம் கூடவே எழும்பி, பசை நூல் நூலாக இழுத்து, விட்டது. அடியில் சிவப்பாக, ஈரமாக அது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அசைந்தது. யாரும் தொடாமல், தானாக, சுருங்கி விரிந்தது. அப்புறம் வந்தது. உவ் என்ற அந்தச் சத்தம், அது அவர் வாயிலிருந்துதான் வந்தது, அறை முழுக்கக் கேட்கும்படி வந்தது. திரையைத் தள்ளிக்கொண்டு ஓடி, வராந்தாவில் கை கழுவுகிற தொட்டியில் காலையில் தின்ற இட்லியை எல்லாம் கொட்டினார். வாயைக் கழுவிவிட்டுத் திரும்பி வந்து திரைக்கு இந்தப் பக்கம் நின்றார். உள்ளே இந்திராணியின் குரல், அழுகையெல்லாம் இல்லை, கடையில் சாமான் சொல்கிற குரல்: "அவர விட்டுரும்மா. அவருக்கு ஆகாது. எனக்கே சொல்லிக் குடு, நான் கண்ணாடி வெச்சுப் பாத்துக்கறேன்."

அவருக்கு ஆகாது. இந்த வாக்கியத்தை முப்பத்தெட்டு வருஷமாகக் கேட்டு வருகிறார், இதுவரை காதில் குத்தியதில்லை. பாலில் ஆடை படிந்திருந்தால் எடுத்துவிட்டுக் கொடு, அவருக்கு ஆகாது. பிள்ளை கக்கிவிட்டது, நீ தூக்கு, அவருக்கு ஆகாது. மீன் கழுவுவதென்றால் அவர் வேலைக்குப் போன பிறகு கழுவு. குளியலறை வடிகாலில் சிக்கிய முடியை அவர் எழுந்திருக்கும் முன்னே எடுத்துவிடு. வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை வியாதி இருந்தால் மற்றவர்கள் எப்படி நடந்துகொள்வார்களோ அப்படி அவருடைய அருவருப்பைச் சுற்றி அந்த வீடு நடந்தது, அவரும் அதை ஒரு மரியாதை என்று நினைத்துக்கொண்டார். எங்க வீட்டுக்காரர் ரொம்பச் சுத்தம் என்று அவள் பக்கத்து வீட்டில் சொல்லும்போது மீசையைத் தடவிக்கொண்டிருக்கிறார். தூ. சுத்தமாம். நாலு மாசம் அப்பா அந்த உள்ளறையில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது யார் அள்ளினார்கள்? அவர் காலையில் குளித்துவிட்டு, ஊதுவத்தியைக் கொளுத்திக் கதவு நிலையில் செருகிவிட்டு, நிலைக்கு இந்தப் பக்கம் நின்று, "எப்டி இருக்கப்பா" என்பார். ஒரு நாள் அப்பா கையை நீட்டினார். நீட்டினாரா, சும்மா தூக்கினாரா? ஈ ஓட்டத் தூக்கினார் என்றுதான் அன்றைக்கு வைத்துக்கொண்டார். ஈ இருந்தது, அறையில் ஈ இருந்தது உண்மை. நீட்டின கை மாதிரியும் இருந்தது. அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் நாலு பேர் சேர்ந்து குளிப்பாட்டும்போதுதான் தொட்டார், அப்போது அந்தக் கை ஜில்லென்று இருந்தது. எதற்கு இதெல்லாம் இப்போது? பதினான்கு தொட்டி இருக்கிறது, மணி ஏழே முக்கால்.

ட்வீசரால் காம்பைக் கவ்வி முறுக்கிப் பார்த்தார். மடங்கியது, அறவில்லை. சமையலறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து வந்தார். அதற்கும் இன்னொரு கையால் தண்டைப் பிடித்தாக வேண்டியிருந்தது, அந்தக் கைக்கு என்ன செய்வது. மேஜைமேல் ஆஸ்பத்திரியிலிருந்து முன்பே கொண்டுவந்து வைத்த அட்டைப் பெட்டி இருந்தது: பைகள், பசை, கையுறைகள். ஒரு ஜோடி கையுறையை உருவி மாட்டிக்கொண்டார். மூன்றாவது தண்டில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரிக்க இழுத்ததில் நடுவில் கிழிந்தது. இன்னொரு ஜோடி. அதுவும் ஐந்து நிமிஷம். கையுறைக்குள் வியர்வை ஊறி, கிழிசல் வழியாகப் பிசுக்கு உள்ளே புகுந்து, உள்ளும் புறமும் ஒரே நசநசப்பு. இதற்கு வெறும் கையே தேவலை. அந்த எண்ணம் வந்ததும் அவரே திடுக்கிட்டார். கையுறையை உரித்து டப்பாவில் போட்டார். வலது கை கட்டைவிரல் நகத்தைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை தோறும் வெட்டுகிற நகம், ஒரு அழுக்கு இருக்காது. கிண்ணத்துக்குக் கீழே, காம்பில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, கிள்ளினார். நறுக்கென்று அறுந்தது. விரலில் வந்து ஒட்டியது. உதறினார், விழவில்லை. சுவரில் தேய்த்தார், சுவரில் ஒட்டிக்கொண்டது. சீ, சீ, என்ன ஜென்மம் இது. அடுத்தது.

கிள்ளக் கிள்ளப் பழகிவிடும் என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். பழகவில்லை. ஒவ்வொன்றும் முதல் முறை மாதிரியே இருந்தது. நாலாவது தொட்டியில் இலைக்கு அடியில் பச்சை அசுவணிப் பூச்சி மொய்த்திருந்தது, தெரியாமல் விரல் நடுவே நசுங்கிப் பச்சையாக ஓடியது. ஆறாவது தொட்டியில் ஒரு மொட்டில் ஓட்டை, ஓட்டையைச் சுற்றிக் கடுகு கடுகாகக் கருப்பு எச்சம். மொட்டைப் பிளந்தால் உள்ளே புழு, பூவின் நிறத்தையே தின்று பூவின் நிறத்திலேயே, சாவகாசமாக. ட்வீசர் எங்கே? தூரத்தில், கைப்பிடிச் சுவர்மேல். புழு விரலில் ஏறியது. ஏறி, முன்பாதியைத் தூக்கி, எங்கே போகலாம் என்று பார்த்தது. தணிகாசலத்தின் உடம்பு முழுக்க மயிர் எழுந்து நின்றது. கத்தவில்லை, கீழே கார் துடைத்துக்கொண்டிருந்த ஆள் பார்ப்பான். அதை உதறித் தள்ளி, செருப்புக் காலால் மிதித்து, மிதித்ததைப் பார்க்காமல் இருக்க முடியாமல் பார்த்து, வாயில் ஊறிய எச்சிலைத் துப்பினார். இந்திராணி இவற்றை எல்லாம் என்ன செய்வாள்? விரலால்தான் நசுக்குவாள், டீயைக் குடித்துக்கொண்டே. ஐப்பசியில் விதைப்பாள், தூசு மாதிரி விதையை மணலில் கலந்து தூவி, மண் மூடாமல், கையால் தட்டிவிடுவாள். நாலு இலை விட்டதும் கொழுந்தைக் கிள்ளுவாள். நல்லா வர்ற செடியை ஏன் இப்படிக் கிள்ளுகிறாய் என்றால், "கிள்ளலன்னா ஒத்த நாடியா போயிரும், பக்கக் கெள வராது" என்பாள். இந்த வருஷம் கார்த்திகையில் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிய அன்றுகூட, வீட்டுக்கு வந்து புடவையைக்கூட மாற்றாமல் இங்கே உட்கார்ந்து பதினான்கு தொட்டிக்கும் கொழுந்து கிள்ளினாள். அவர் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். அவள் கை முழுக்கப் பிசுக்காக இருக்கும், தோளில் கை வைத்துவிட்டால் சட்டை போயிற்று என்று தோன்றியது. அந்த நேரத்தில் சட்டை! அதை நினைக்கும்போது, புழுவை மிதித்தபோது வராத வாந்தி வரும்போல இருந்தது.

ஒன்பதாவது தொட்டிக்கு மேல் காயைத் தேடித் தேடிக் கிள்ளுவதில் அர்த்தமில்லை என்று ஆனது. தண்டே வீண். மொட்டையாக நீண்டதையெல்லாம் பாதிக்கு வெட்டிவிட வேண்டும் என்று அவளே ஒருமுறை செய்ததைப் பார்த்திருக்கிறார். முதல் தொட்டிக்கே திரும்பிப் போய், இடது கையால் கொத்தாகப் பிடித்தார், வலது கையால் கத்தரித்தார். பிடித்த தண்டுகள் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வந்தன. முழங்கை வரை பச்சையும் கருப்புமாக ஏறிவிட்டது. வெட்டியது வாளி நிறைந்து வழிந்தது. நாளைக்குக் காலையில் பை. இன்றைக்குப் பூராவும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், அது அதற்கும் முன்னால். திங்கட்கிழமைக்குப் பிறகு இரண்டு முறை போனார். நல்லாத்தான் பேசினாள், சாப்பிட்டீங்களா, கேஸ் புக் பண்ணீங்களா என்று. முகத்தை மட்டும் சுவர்ப் பக்கமே வைத்துக்கொண்டாள். கோபமாக இருந்தால் பரவாயில்லை. கோபமே இல்லை. எடுத்துப் பார்த்து, தேறாது என்று தெரிந்து, சத்தமில்லாமல் ஒதுக்கி வைத்த மாதிரி. அவருக்குத் தெரியாதா அந்தப் பார்வை, எத்தனை ஆயிரம் குண்டை அப்படிப் பார்த்து டப்பாவில் போட்டிருக்கிறார். இனி கண்ணாடி வைத்துக்கொண்டு, தையல் இழுக்க இழுக்க, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு அவளே செய்துகொள்வாள். அவர் வெளியே பேப்பர் படித்துக்கொண்டிருக்கலாம். டாக்டர் எத்தனை நாள் என்று சொல்லவில்லை, பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார். அந்த நாள் எத்தனையோ, அத்தனையும் அவர் நிலைக்கு இந்தப் பக்கம் நிற்கலாம், ஊதுவத்தியோடு. அவள் விட்டுவிடுவாள். அவள் விட்டுவிடுவாள் என்பதுதான் பயம். இதைக் கண்டுபிடிக்க இத்தனை தொட்டி வேண்டியிருந்தது. பதினான்காவதையும் வெட்டி முடித்து நிமிர்ந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. பால்கனி முழுக்க அரையடி உயரத்துக்குக் குச்சி குச்சியாக நின்றது, ஒரு பூ இல்லை, ஒரு மொட்டு இல்லை, பார்க்கச் சகிக்கவில்லை. கீழே ஹாரன் அடித்தது.

லிஃப்ட் கதவு திறக்கும்போதே வாடை முதலில் வந்தது. அடுத்துத்தான் யமுனா, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு இந்திராணி. இளைத்துப்போய், சால்வையை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு. சால்வை நனைந்திருந்தது. "அப்பா, அத்திப்பள்ளி ஸ்பீட் பிரேக்கர்ல வண்டி தூக்கிப் போட்டுச்சு, பை பிச்சுக்கிச்சு. சீட்டெல்லாம் ஆயிடுச்சு, டிரைவர் கத்தறான். நான் கழுவி விட்டுட்டு வந்தர்றேன்" என்று யமுனா அதே லிஃப்ட்டில் இறங்கிப் போனாள். இந்திராணி அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. வரவேற்பறையில் நிற்கவில்லை, பால்கனிப் பக்கம் திரும்பவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து நேராகக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. குழாய் திறந்தது. அவர் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றார். உள்ளே சொம்பு விழுந்து உருண்ட சத்தம், அப்புறம் வலி பொறுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு விட்ட ஒரு மூச்சு. அவர் போய் மேஜைமேல் இருந்த அட்டைப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"இந்திரா."

"ஒண்ணும் இல்லங்க. யமுனா வரட்டும். நீங்க அந்தாண்ட போங்க."

"கதவத் தொற."

"வேணாங்க. உங்களுக்கு ஆகாது."

வாயில் எச்சில் ஊறிக்கொண்டு வந்தது. விழுங்கினார். மறுபடி ஊறியது.

"ஆகாதுதான்" என்றார் தணிகாசலம். "தொற."

உள்ளே குழாயை மூடினாள். பிறகு தாழ்ப்பாள் விலகியது. பிளாஸ்டிக் முக்காலியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "வாளி பக்கத்துலயே இருக்கு, வாந்தி வந்துச்சுன்னா அதுல எடுத்துக்குங்க" என்றாள். அவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். பச்சை போனது, பிசுக்குப் போகவில்லை. அதற்கு மேல் நின்றால் ஓடிவிடுவோம் என்று தெரிந்ததால் கீழே, ஈரத் தரையில், வேட்டியோடு உட்கார்ந்தார். பழைய பையை எஸ்தர் செய்தது போலவே மேலிருந்து கீழாகப் பிரித்தார். உவ் என்று வந்தது. வாளிக்குத் திரும்பினார், ஒன்றும் விழவில்லை, கண்ணில்தான் தண்ணீர் வந்தது. வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்தார். அது பூ மாதிரி எல்லாம் இல்லை. அது குடல்தான். அசைந்தது. இன்னொரு முறை வாளிக்குத் திரும்பி, திரும்பி வந்து, துடைத்து, காயவிட்டு, ஆஸ்பத்திரியிலேயே அளவாக வெட்டிக் கொடுத்திருந்த புதுப் பையைப் பொருத்தினார். ஒட்டினதும் உள்ளங்கையை மேலே வைத்து ஐந்து நிமிஷம் சும்மா பிடித்துக்கொள்ள வேண்டும், கைச் சூட்டில்தான் பசை பிடிக்கும் என்று எஸ்தர் சொல்லியிருந்தாள். ஓடிப்போவதற்கு முன் அவர் காதில் விழுந்த கடைசி வார்த்தை அதுதான். உள்ளங்கையை வைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து இந்திராணி கேட்டாள்: "கை ஏன் இப்டிப் பிசுபிசுன்னு இருக்கு?"

"ஒம் பெட்டூனியாதான்."

அவள் திரும்பி முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள், கருத்துப்போன நகத்தைப் பார்த்தாள். "கையாலயா கிள்ளுனீங்க?"

"இத்தன நாளா கிள்ளல. பூவ மட்டும் உருவிக்கிட்டு இருந்தேன். எல்லாம் காய் வெச்சுப் போச்சு. இன்னிக்கி மொத்தமா வெட்டி எறிஞ்சுட்டேன். நீ வர்றப்ப ஒத்தப் பூ இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உடனே முகம் வலியில் சுருங்கியது. "சிரிக்க வெக்காதீங்க, தையல் இழுக்குது." மூச்சை நிதானப்படுத்திக்கொண்டு, "வெட்டுனது நல்லதுதான். மூணு வாரத்துல மறுபடி பூத்துரும்" என்றாள்.

மூன்று வாரம். அவர் மனம் அந்த மூன்று வாரத்தைப் பிடித்துக்கொண்டது, விடவில்லை. அப்போது உள்ளங்கைக்கு அடியில், பைக்குள், சூடாக எதுவோ இறங்கியது. கைக்குத் தெரிந்தது.

"எடுத்துராதீங்க" என்றாள் அவள். "இன்னும் எவ்ளோ நேரம்?"

"மூணு நிமிஷம் இருக்கு."

முகத்தை வாளிப் பக்கம் திருப்பிக்கொண்டு வாயால் மூச்சு விட்டார். கை அங்கேயே இருந்தது.